கடுகளவு நீலம்

ஒன்பது புள்ளி இரண்டு கரட்.
இரத்தினபுரிப் பக்கத்துக் கல்.
மோர்த்தண்ணி நிறம், ஒருத்தரும் எடுக்கமாட்டினம் என்று
தரகன் ஒதுக்கி வைத்ததை
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
ஒரு மூலையில்
தாளித்தவள் கைதவறி விட்டதுபோல
கடுகளவு நீலம்.

வாங்கின காசு என்னுடையதல்ல.
அது செவ்வாய்க்கிழமைக் காசு.
செவ்வாய்தோறும் ஒட்டுசுட்டான் சந்தியால் திரும்பி
குழுக்கடன் புத்தகத்தோடு வருவான் நிரூபன்.
தலைக்கவசத்தைக் கழற்றமாட்டான்.
கோயிலில் கண்டால் அவனை
நாங்கள் அடையாளம் பிடிக்கக் கூடாதாம்.

கல்லை அரக்கில் ஒட்டி, குச்சியோடு ஆறவிட்டு
தட்டைச் சுழலவிட்டேன்.
இனிக் கண் பாதி, காது பாதி.
நல்லாய் ஓடினால் சீனி அரைபடும் சத்தம்.
வெடிப்பில் ஏறினால் அது மெலிந்து
நுளம்பாகும்.

இந்தக் காது முகமாலையில் பழகினது.
ஆறு வருடம் முழந்தாளில் இருந்து
சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராய் மண் சுரண்டின கை.
காசு தந்த நாடு
வேறொரு போருக்குக் காசு அனுப்பத் தொடங்க
எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.
சான்றிதழில் என்னைப் பற்றி ஒரே வரி:
அவசரப்படமாட்டார்.
மெசினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்,
வைரப்பொடி விலைக்குப் பக்கத்தில்.

நிறையைக் காப்பாற்று என்பார்கள் எல்லோரும்.
அடியைத் தட்டையாய் விட்டால் ஆறு கரட் தேறும்.
தேறும்தான்.
பத்திரிகைமேல் வைத்தால் கல்லுக்கூடாக
மரண அறிவித்தல் வாசிக்கலாம்.
சன்னல் விழுந்த கல் என்போம் அதை;
வெளிச்சம் வரும், தங்காது.

நாற்பத்தொரு பாகை.
நீலத்தை அடிக்கூருக்கு இறக்கினேன்.
மூன்று நாள்.
இரண்டு தரம் கரண்ட் போய்
இருட்டில் கல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்
எலி இழுத்துப் போகுமென்று.

பொலிஷ் முடித்து முகப்பைத் திருப்ப
அடியில் கிடந்த கடுகு
ஐம்பத்தேழு பட்டையிலும் ஏறி நின்றது.
முத்தையன்கட்டுக் குளம்,
விடிய ஐந்தேமுக்காலுக்கு.

பேருவளையில் முனாஸ் நானா
வெள்ளைத் தாளில் வைத்து, தூக்கி, வைத்து,
ஒரு விலை சொன்னார்.
கடனுக்கும் காணும், அடுத்த மூன்று கல்லுக்கும் காணும்.
கவிழ்த்துப் பார்க்கவில்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கவிழ்த்தேன்.
பக்கவாட்டில் வெறும் தண்ணீர்.
நுனியில் கடுகு.

ஏன் செய்தேன் என்று
திரும்பி வரும் பஸ்சில் மதவாச்சிவரை யோசித்தேன்.
நேர்மை என்றால் சொல் பெரிதாயிருக்கிறது.
கண்டுபிடித்த இடத்தில் சிவப்புக் குச்சி நடாமல்
நான் ஒருநாளும் எழும்பினதில்லை,
அவ்வளவுதான்.

கால்வாசி குறைத்தார்.
பிறகு தேத்தண்ணி சொன்னார்.
பிறகு லாச்சியைத் திறந்து
ஏழு வெளிறின கல்லைத் தாளில் கொட்டி
"இதுகள்ளயும் இருக்கி, எனக்கு இறக்கத் தெரியாது,
கூலி எவ்வளவு தங்கச்சி?" என்றார்.
"கூலிக்கு வெட்டுறதில்லை. பாதிக்குப் பாதி."
பேன் நெடுநேரம் சுற்றியது.
தாளை மடித்து
என் பக்கம் தள்ளினார்.

செவ்வாய். நிரூபன் எண்ணி எடுத்துப் போனான்.
ஐந்து புள்ளி மூன்று ஐந்து கரட்
வாளியின் அடியில் சேறாய்க் கிடந்தது,
அதற்கும் சேர்த்துத்தான் அவன் வட்டி வாங்கினான்.
மிளகாய்க் கன்றுக்கு ஊற்றுமுன்
விரலால் ஒருக்கால் கலக்கிப் பார்த்தேன்.
நீலம் இல்லை.