வால் உள்ள எழுத்து

ட்ரோம்ஸோ துறைமுகம், ஜனவரி.
பகல் பதினொன்றுக்கும் தெருவிளக்கு அணையவில்லை.
படகு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில்
ஒரே வேலையைச் செய்யும் மூன்று நிரல்களை
சிசெல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வேலை சின்னது.
பெட்டியில் கட்டும் சீட்டுக்குள்
பயணியின் பெயர் அடங்காவிட்டால்
வெட்டி ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

முதலாவது, பழைய சீட்டு எந்திரத்துக்கு.
எழுத்துக்கு ஒரு பைட். சுழியம் வந்தால் நிற்கும்,
வராவிட்டால் பக்கத்து வீட்டுக்குள்ளும் போகும்
தூக்கத்தில் நடப்பவனைப் போல.
அடுத்தது அலுவலகக் கணினியின் அகலச் சரம்:
ஆள் ஒல்லியானாலும் இரண்டு இருக்கை.
இணையத்திலிருந்து வருவதோ
ஒன்று, இரண்டு, மூன்று, எழுத்தின் உடம்பைப் பொறுத்து;
கண்ணை மூடி வெட்டினால்
பாதி எழுத்து கத்தரியிலேயே தங்கிவிடும்.
ஒன்றில் பிழை திருத்தினால்
மற்ற இரண்டும் அதே பிழையோடு
நல்ல பிள்ளைகளாய் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே வார்ப்புரு.
வகையின் பெயர் வரும் இடத்தில் வெறும் டி.
மன்னனோ மீனவனோ, வருகிற எவரையும்
டி போட்டு அழைக்கும் டி.
எழுதிவிட்டுக் காபி எடுக்கப் போனாள்.
திரும்பியபோது கம்பைலர்
இருநூற்றுப் பதினேழு வரி அழுதிருந்தது.

வா என்றால் மட்டும் போதாதாம்.
சிலரிடம் உன் நீளம் என்ன என்று கேட்கலாம்.
சிலருக்குத் தம் நீளம் தெரியாது,
சுழியம் வரை நடந்து அளக்க வேண்டும்.
சிலர் வீட்டுக்காரர்கள். சிலர் வெறும் ஜன்னல்கள்,
வீடு இடிந்த பிறகும் தோட்டம் காட்டுவார்கள்.
அவள் வைக்கப்போன அந்த ஒற்றைப் புள்ளிக்கும்
வகை இருந்தது.
ஒடுக்கப் புள்ளி அகலப் பெயரோடு ஒட்டாது.
ஒரு புள்ளிக்கு இத்தனை பிறவி என்று
இருபது வருடத்தில் அவள் யோசித்ததே இல்லை.

வியாழன் மாலை மூன்றும் ஒரே வாசலில் நுழைந்தன.
எண்ணூறு வரிகள் அழிந்தன.
எய்லிஃப் கைதட்டினான்.

வெள்ளிக்கிழமை, நிஜப் பயணிகளின் பட்டியல்.
இங்கா. ஷேர்வேயில் ஏறுபவள்.
சாமி மொழிப் பெயர்; நடுவில்
வால் முளைத்த ஓர் எழுத்து.
அகலச் சரத்தில் இங்கா.
இணையச் சரத்தில் இங்கா.
பழைய எந்திரத்தில் இ, கேள்விக்குறி, கா.
பிழைச்செய்தி ஏதும் இல்லை. சோதனைகள் எல்லாம் பச்சை.

எல்லோரையும் ஒரே மாதிரிதானே நடத்துகிறது,
என்றான் எய்லிஃப்.
அதுதான், என்றாள் சிசெல்.

(நான் இதை எழுதும் மொழியில் அந்த ஒலிக்கு
முதலிலிருந்தே இருக்கை உண்டு.
க-வின் தோள் இல்லாமல் வெளியே கிளம்பாத ங்.
இது சிசெலுக்கும் தெரியாது, அவள் எந்திரத்துக்கும்.)

ஷேர்வே துறைக்குப் போன் போட்டாள்.
ஹால்கெயிர் எடுத்தார். பின்னால் காற்று.
கேள்விக்குறி வந்தால் என்ன செய்கிறீர்கள்?
அடித்துவிட்டுப் பேனாவால் எழுதுவேன்.
எத்தனை நாளாக?
நான்கு வருடம். வால் இடப்பக்கம் வளையணும்,
அந்தம்மாதான் வரைந்து காட்டினது.
சொல்லவே இல்லையே நீங்கள்.
யாரும் கேட்கலையே.
பேனா தொலையாதா?
எந்திரத்தோடு கட்டியிருக்கேன், வலை தைக்கிற நூலில்.

எந்த வார்ப்புருவும் கேள்விப்படாத சரம் அது.
எந்திரம் மாற்றப் பணம் வசந்தத்தில்தான் வரும்.
அதுவரைக்கும் அவள் ஒரு விலக்கு எழுதினாள்:
ஒடுக்கச் சரமானால், தெரியாத எழுத்தானால்,
கேள்விக்குறி போடாதே.
பேனா நுழையும் அளவு
இடம் விடு.

மேலே ஒரு குறிப்பு வரி:
மீதியை ஹால்கெயிர் பார்த்துக்கொள்வார்.
எய்லிஃப் அதில் தேதியும் போடச் சொன்னான்.