ஏழாவது தொலைபேசி

ஜெனீவாவில் நவம்பர். ஏரியின் மேல் மூடுபனி.
ஓட்டல் கூடத்தில் நூற்றிருபது நாற்காலிகள்,
சுவரோரம் பதினோரு தொலைபேசிகள்,
ஏழாவதில் நான்.

காதில் திரியெஸ்தே நகரத்துப் பென்கோ.
கோப்பையில் கரண்டி இடிக்கும் சத்தம்,
ஒரு நாய், பிறகு மூச்சு.
அவர் ஆசைக்கு இன்று என் கை வாடகை.

லாட் நூற்றுப் பதினெட்டு.
நீலக்கல் ப்ரூச், பாரிஸ் வேலை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு.
‘ஒரு சீமாட்டியின் உடைமை’ என்கிறது கேட்டலாக்.
எந்தச் சீமாட்டி என்று சொல்ல மாட்டோம்.
சொல்லாததற்கும் சேர்த்துத்தான் கமிஷன்.

“மூன்றாவது கல்லின் ஓரம் உடைந்திருக்கிறதா?”
“மயிரிழை அளவு, ஐயா. அறிக்கையில் இருக்கிறது.”
“கார்க் கதவு,” என்றார்.
மேலே எதுவும் சொல்லவில்லை.

இருபதாயிரம், இருபத்தெட்டு, முப்பத்திரண்டு.
மற்ற அட்டைகள் இறங்கிவிட்டன.
எண்பத்தெட்டாம் அட்டை மட்டும் இறங்கவில்லை:
மழைக்கோட்டைக் கழற்றாமல் ஒரு பெண்,
விரலில் டைட்டானியம் மோதிரம், இந்த வருடத்து வேலை.

முந்தாநாள் பார்வை நேரத்தில் வந்தவள்.
லென்ஸ் நீட்டினேன், வேண்டாம் என்றாள்.
கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு
கட்டைவிரலை நேரே அந்த உடைசலில் வைத்தாள்,
இருட்டில் சொந்த வீட்டு சுவிட்சைத் தொடுவது போல.

எந்தக் கார் என்று எனக்குத் தெரியாது.
அதில் முன்னிருக்கை யாருடையது
பின்னிருக்கை யாருடையது என்று
நாற்பதாயிரத்தில் தெரிந்துவிட்டது.

“எதிரே யார்?”
“சொல்ல அனுமதியில்லை, ஐயா.”
“ஆணா பெண்ணா, அதுவாவது?”
நாற்பத்தாறுக்குக் கை உயர்த்தினேன்.
அவள் நாற்பத்தெட்டு. இவர் ஐம்பது.
பிரெஞ்சில் கேட்டு இத்தாலியனில் சொல்லிக்கொண்டிருந்தேன்,
ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் பிடுங்குவதை.

ஐம்பத்தெட்டு என்றாள்.
கரண்டிச் சத்தம் நின்றது. நாயும்.
“போதும், சிஞ்ஞோரா.”

ஒரு தரம், என்றார் ஏலம் விடுபவர்.
இரண்டு தரம்.
இருபது வருடம் கல்லுக்குத் தரம் பார்த்தவள் நான்,
இந்தத் தரத்துக்கு என்னிடம் லென்ஸ் இல்லை.
சுத்தியல்.

அவள் அட்டையை மடியில் வைத்தாள்,
அடுப்பிலிருந்து இறக்கியதை வைப்பது போல.
மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள்.
ஏன் என்று தெரியவில்லை.

“வாங்கியவர் அணிவாரா,” என்றார்,
“இல்லை, பெட்டகத்தில் பூட்டிவிடுவாரா?”

அதற்குள் திரையில் நூற்றுப் பத்தொன்பது, வைரக் காதணிகள்.
எட்டாவது தொலைபேசியில் யாரோ சீன மொழியில் சிரிக்கிறார்கள்.

“மழைக்கோட்டில் குத்திக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.”

விதிப்படி அந்த ஒரு வாக்கியத்துக்கு
என் வேலை போயிருக்க வேண்டும்.
மறுமுனையில் வெகுநேரம்
யாரும் போனை வைக்கவில்லை.