ஈடு

செட்டியார் தெருவில் ஈட்டுக்கடை.
கம்பிக்குப் பின்னால் பதினேழு வருஷமாய்
ரசீது எழுதுகிறவன் நான்.
பெயர், விலாசம், எத்தனை பவுண், தவணை.
கீழே ஒரு கோடு. கோட்டில் கையெழுத்து,
தெரியாவிட்டால் பெருவிரல்.

யுஸ்தீனா வந்தது தவணையின் கடைசி நாள்,
நாலரை மணிக்கு, மழைக்குள்,
முகத்துவாரத்திலிருந்து நடந்து.
பைக்குள் சுருட்டிய காசு மீன் மணத்தது.
எண்ணினேன்.
ஒரு சதமும் குறையவில்லை, அதுதான் கரைச்சல்.
"நேற்றோடு முடிஞ்சுபோச்சு, அம்மா."
நாக்கு தடுக்கவில்லை.
பேரேட்டில் ஒன்பதை எட்டாக்க
ஒரு சின்னச் சுழி போதும்.

ஏலத்தில் மச்சான் பெயரில் நானே எடுத்தேன்.
இரண்டரைப் பவுண் சங்கிலி.
மெல்றீனா முதல் நன்மை எடுத்தபோது
வெள்ளைச் சட்டைமேல் மின்னியது.
எல்லாரும் வடிவு என்றார்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வருஷா வருஷம் போனேன்.
கோபம் சொன்னேன். பொய் என்று
பொதுவாகச் சொன்னேன்.
சாமி தந்த ஜெபங்களை
வட்டி மாதிரிக் கட்டிவந்தேன்.
முதல் அப்படியே கிடந்தது.

இரும்புப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும்:
உள்ளே கிடக்கிற காப்பு
தானே எழும்பி, தன் கடனைத் தானே கட்டி
வாசலால் போனதாக
இத்தனை வருஷத்தில் ஒரு ரசீதும் நான் எழுதியதில்லை.
வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும்.
இலக்கம் சொல்லிக் கேட்கவேண்டும்.
தன் மடியிலிருந்து கொடுக்கவேண்டும்.
கடையில் இதற்குப் பெயர் மீட்பு.
கோயிலிலும் அதே சொல்தான்;
இரண்டையும் நான் ஒருநாளும்
பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

போன ஞாயிறு, கொட்டாஞ்சேனையில்,
சமாதானம் சொல்லும் நேரம்
முன் வாங்கிலிருந்து திரும்பினாள் யுஸ்தீனா.
என் பக்கத்தில் மகள். கழுத்தில் அது.
கொக்கியருகே தட்டார் பற்றவைத்த
அந்த ஒற்றைத் தடித்த வளையம்.
பார்த்தாள்.
பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள்.
பிறகு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து,
"சமாதானம்."
விடவில்லை. குனிந்து, மெல்ல:
"என்ர துண்டில ஒன்பதுதான், தம்பி.
வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்."

நன்மைக்கு வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை.
பீடத்துக்கு மேலே விரிந்த கைகள்.
கொடுத்து முடித்த கை அப்படித்தான் இருக்கும்,
மிச்சம் ஒன்றும் பிடித்திராமல்.

"ஏன் அப்பா சங்கிலியைக் கழற்றுறீங்கள்?"
விரல் ஈரம்.
கொக்கி வழுக்கிக்கொண்டே இருந்தது.