இது எங்கே கிடைக்கும்

லீபாயா துறைமுகத்தில் மீன் பதனிட்ட பழைய ஆலை.
அதன் கீழ்த்தளத்தில் பதினாறு தொட்டிகள்,
ஒரு டிக்கெட் ஜன்னல்,
ஜன்னலுக்குப் பின்னால் குந்தேகாவின் மேசை.
ஓடுகிற உலகத்தை ஒன்பது நொடி நிறுத்திவைப்பது
அவள் வேலை.

ஒன்பதாவது நொடியில்தான்
நீர்நாய் கண்ணாடித் துளை வழியே கைநீட்டி
ஐனார்ஸின் சுண்டுவிரலைப் பிடித்தது.
தேடியது சிப்பியை.
கிடைத்தது விரல்.
இருக்கட்டும் என்பதுபோல் பிடித்துக்கொண்டது.

நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.
திங்கட்கிழமை இயக்குநர் விஸ்வால்திஸ் கேக் வெட்டினார்.
கொதிகலன் பழுதுபார்க்கப் பணம் வந்துவிட்டது.
இவை அழிந்துகொண்டிருக்கின்றன என்று
அவள் எழுதிய கடைசி வரி மட்டும்
'மேலும்' என்பதைத் தொட்டால்தான் தெரியும்.
யாரும் தொடவில்லை.

இரவு வீட்டில் உட்கார்ந்து
வந்ததையெல்லாம் மொழிபெயர்த்துப் படித்தாள்.
ஜப்பானியம், அரபி, போர்த்துகீசியம், தாய்,
எழுத்துக்கு எழுத்து ஒரு வளைவு.
எல்லா வளைவும் போய் முடிந்தது ஒரே இடத்தில்:
இது எங்கே கிடைக்கும்?
என்ன விலை?
குட்டியாக வேண்டும், மகளுக்குப் பிறந்தநாள்.
இதயம். இதயம். இதயம்.
ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு வரை எண்ணினாள்.

தாய் உயிரோடு இருக்கும்வரை
குட்டியை யாரும் எடுத்துவிட முடியாது.
அதைச் சொல்லும் பலகை ஒன்று
தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது,
பள்ளிப் பிள்ளைகள் குளிர்கோட்டு மாட்டும்
கொக்கிகளுக்குப் பின்னால்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும்
விலாங்கைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி உண்டு.
குந்தேகா அதைக் கேட்டதில்லை.
ஆனாலும் பல் துலக்கும்போது
கண்ணாடியில் தெரிந்தது
தலையா வாலா என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீக்கு என்றாள்.
நிச்சயமா என்று கேட்டது இயந்திரம்.
நிச்சயம்தான். ஆனால் அதற்குள்
வேறு இருபது கணக்குகளில்
பாட்டு சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கை.

மறுநாள் அவள் படம் பிடித்தது
முன்பு வெட்டி எறிந்ததை:
ஐனார்ஸின் கட்டைவிரல், ஏழு தையல்.
விடியற்காலை நாலு மணிக்குத் துருப்பிடித்த கதவுபோல் கீச்சிடும் அலறல்.
மீன்முள்ளும் எச்சமும் வழித்தெடுக்கும் வாளி.
அவர் மனைவி மாடிப்படியிலேயே
சட்டையைக் கழற்றச் சொல்லும் நாற்றத்தை மட்டும்
படம்பிடிக்க வழியில்லை. அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு.

ஆறாயிரம் பேர்.
"இதைப் பார்த்து யார் வாங்குவார்கள்?" என்றார் விஸ்வால்திஸ்.
"வாங்காமல் இருக்கத்தான்."
"டிக்கெட்டையா?"
அவள் பதில் சொல்லவில்லை.
கேக் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

ஒசாகாவிலிருந்து ஒரு தனிச்செய்தி:
முன்பணம் கட்டிவிட்டேன். கடித்தால் ரொம்ப வலிக்குமா?
ஏழு தையல், என்று எழுதினாள்.
அழித்துவிட்டு,
அதற்கு ஒரு தாய் இருந்தது, என்று எழுதினாள்.
படித்ததற்கு அடையாளம் வந்தது.
மூன்று நாளாக வேறெதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, எல்லாரும் போன பிறகு
விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து வந்தவள்
பதினோராம் தொட்டியின் முன்னால் நின்றாள்.
அங்கே இருப்பது நிஜ விலாங்கு.
இலையுதிர் காலத்திலிருந்து இரை தொடவில்லை.
கண்கள் பெருத்து, வயிறு வெள்ளியாகி,
மேற்குச் சுவரில் மூக்கை வைத்திருக்கிறது.
சுவருக்கு அப்பால் கார் நிறுத்துமிடம்.
அதற்கும் அப்பால் கடல்.

போனைச் சாய்த்து வைத்து நேரலை போட்டாள்.
தலைப்பில்லை, விளக்கில்லை.
இருட்டில் ஒரு முதுகு, அவ்வளவுதான்.
பார்ப்பவர்கள்: பதினொன்று.
பிறகு நாலு.
பிறகு ஒருவர்.

அந்த ஒருவர் நெடுநேரம் இருந்தார்,
எதுவும் கேட்காமல்.