ஈவு

இந்த நகரத்தில் ஒரு சட்டம்.
தலைவரின் சம்பளத்தை
நடு ஆளின் சம்பளத்தால் வகுக்க வேண்டும்.
ஈவு இருநூற்றைம்பதைத் தொட்டால்
நகர வரியின்மேல் இன்னொரு கால் பங்கு வரி.
தொடாமல் கீழே நின்றால் பத்தில் ஒன்று.

வகுப்பது என் வேலை.
போர்ட்லேண்டில் பதினோராவது மாடி, ஜன்னலோர மேசை.
கீழே வில்லமெட் ஆறு
பெய்வதையெல்லாம் வாங்கிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

சராசரி என்று உலகத்தில் யாரும் கிடையாது.
நடு ஆளுக்கு முகம் உண்டு.
மூவாயிரத்து இருநூற்றைந்து பேரைச்
சம்பள வரிசையில் நிறுத்தி
ஆயிரத்து அறுநூற்று மூன்றாவது இடத்தில் விரல் வைத்தேன்.
மார்லிஸ் ஓக்விஸ்ட்.
உறைபழக் கிடங்கு, இரண்டாம் ஷிப்ட்.
நாற்பத்து மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலர்.
கோப்பில் அவர் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்:
கையுறை இன்னொரு ஜோடி வேண்டும்,
ப்ளூபெர்ரி விரலைக் கடிக்கிறது.
ஓரத்தில் யாரோ 'பரிசீலனையில்' என்று எழுதியிருந்தார்கள்,
இரண்டு குளிர்காலம் முன்பு.

வகுத்தேன்.
இருநூற்றைம்பத்தொன்று.

வெண்டல் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
நிதிப் பிரிவுக்குத் தலைவர்.
என் பிறந்தநாளை ஒரு வருஷமும் மறந்ததில்லை.
"இரண்டு படி இறங்கினால் போதுமே" என்றார்,
சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவதுபோல.

நடுப்பகுதியில் ஆளுக்கு நூற்றெண்பது டாலர் ஏற்றலாம்,
வருஷத்துக்கு.
சொன்னேன்.
சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்படி
அறை அப்படியே இருந்தது.
மேலே இருப்பவருக்குக் குறைக்கலாம் என்பது
எவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும்.

வரிசையின் அடியில்
துப்புரவுக்காரர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
அவர்களை இன்னொரு கம்பெனியின் கணக்குக்கு மாற்றினார்கள்.
அதே கட்டடம், அதே கழிப்பறைகள், அதே இரவு.
வேலையிலிருந்து யாரையும் எடுக்கவில்லை.
வரிசையிலிருந்து எடுத்தார்கள்.

அடி உருவப்பட்டதும்
நடு நூற்றாறு இடம் தள்ளி மேலே போய் உட்கார்ந்தது.
அசையாமல் நின்ற மார்லிஸ்
கீழ்ப்பாதி ஆனார்.
புது நடு ஆளுக்கு நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று முப்பது.
இந்த முறை நான் பெயரைப் பார்க்கவில்லை.
வகுத்தேன்.
முழு எண்ணாக எழுதவும் என்றது படிவம்.
இருநூற்று நாற்பத்தேழு.

ஒருவர் சம்பளத்திலும் ஒரு டாலர் கூடவில்லை.
ஒருவர் சம்பளத்திலும் ஒரு டாலர் குறையவில்லை.
இடைவெளி குறைந்துவிட்டது.
வெண்டல் டோனட் வாங்கி வந்தார், இரண்டு பெட்டி.

ஈவுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
இரக்கத்துக்கு எங்கே என்று
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்,
வேடிக்கைக்குத்தான்.

ராத்திரி ஹப்தோம் வந்தார்.
நீலச் சட்டைக்குப் பதில் பச்சை,
முதுகில் நான் கேள்விப்படாத ஒரு பெயர்.
வாளி பழையதுதான்,
ஒரு சக்கரம் இன்னும் வலப்பக்கம் இழுக்கிறது.

"சட்டை புதுசா?"
"சட்டை மட்டும்தான் மாறும் என்றார்கள்."
குனிந்து என் கூடையை எடுத்தார்.
"லீவை முதலிலிருந்து எண்ணுகிறார்களாம்.
பதினாலு வருஷத்துக்கு இப்போது மூன்று நாள்."
எங்கோ ஒரு கணக்கில் மீதி விழுந்திருக்கிறது.
என் தாளில் இல்லை.

கூடையில் நான் கிழித்துப் போட்ட
இருநூற்றைம்பத்தொன்றும் டோனட் காகிதமும்
ஒன்றாகப் பைக்குள் கவிழ்ந்தன.

திரையில் 'சமர்ப்பி' என்ற பொத்தான்.
அழுத்தினேன்.

"காலைத் தூக்குங்கள் டெல்ஃபின்" என்றார்.
தூக்கினேன்.
மேசைக்கடியில் ஈரத் துணியை ஓட்டிவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்,
அதற்கடுத்ததற்கும்.
தரை காயவில்லை.
நான் இன்னும்
காலைக் கீழே வைக்கவில்லை.