வரவு, இருப்பு, சேதாரம்

ஜனவரியின் முதல் வெள்ளி.
மனாமா, குதைபியா சந்தில்
அயூபிக்கா டீக்கடை மாடியில்
ஐந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு எண் சொன்னோம்.

ஜெபக்கிளாரா ஐம்பத்திரண்டு.
இரவுப்பணி செவிலி. வாரத்துக்கு ஒன்று என்றாள்,
சாப்பாட்டுக்குப் பின் என்பது போல.
ஹபீபுல்லா இருபத்தைந்து, நோன்பு மாதத்தையும் சேர்த்து.
லிஃப்ட் மெக்கானிக் இளவழகன் ஏழு என்றான்.
யாரும் சிரிக்கவில்லை,
அவனே சிரித்துக்கொண்டான்.
தவசிமுத்து அண்ணன் எண் சொல்லவில்லை.
"பாலத்துல எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கானோ
அவ்வளவு" என்றார்.
சவூதிக்கும் இங்கேயும் லாரி ஓட்டுபவர்.

நான் நாற்பது.
சித்ராவில் உறைகோழிக் கிடங்கின் கணக்கன்.
பழைய சரக்குப் பதிவேட்டில் மிஞ்சிய தாள்களில்
எங்கள் பெயர்களை எழுதினேன்.
வரவு, இருப்பு, சேதாரம்:
அச்சடித்த தலைப்புகளை அடிக்க மனம் வரவில்லை.

மைனஸ் பதினெட்டின் கதவுக்கு வெளியே
கையுறையோடு பக்கம் புரட்டக் கற்றேன்.
இளவழகன் இரண்டு மாடிகளுக்கு நடுவே
நின்றுபோன பெட்டியின் தலையில் அமர்ந்து
டார்ச்சை வாயில் கவ்விப் படித்தான்.
விடுமுறைக்குப் போன ஹபீபுல்லா
ஏழு கிலோ கைப்பையில் ஐந்து கிலோ புத்தகத்தோடு வந்து
"ஊறுகாய்க்கு இடமில்லை" என்று
அறைவாசிகளிடம் ஒரு மாதம் திட்டு வாங்கினான்.

ஆகஸ்டில் இங்கே பசை உருகும்.
லாரியின் கண்ணாடியோரம் வைத்த நாவல்
முதுகு விட்டுப்போய்,
சுங்க வரிசையில் அண்ணன் ஜன்னலை இறக்கிய நொடியில்
கடைசிப் பதினாறு பக்கம் கடலுக்குப் போனது.
உப்பளத்தைக் கேட்டு வழக்காடும் ஒருத்தியின் கதை.
தீர்ப்பு நாள் காலை
அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது
கதை நின்றுவிட்டது.

அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.
வெள்ளிதோறும் எங்களுக்கு ஒரு முடிவு வந்தது.
ஒரு வாரம் அவள் தோற்றாள்.
ஒரு வாரம் வென்று, உப்பளத்தை விற்றாள்.
பாலத்தில் ஒன்பது மணி நேரம் நின்ற வாரம்
நீதிபதியே வரவில்லை.
ஒருமுறை செருப்பு கிடைக்கவே இல்லை,
வெறுங்காலோடு பேருந்து ஏறினாள்;
ஜெபக்கிளாரா கண்ணைத் துடைத்தது அன்றைக்குத்தான்.

டிசம்பர் கடைசியில் கணக்கு முடிக்க உட்கார்ந்தோம்.
"பதினோரு தடவை படிச்சேன், எத்தனைன்னு போடுவே?"
ஒன்று, என்றான் ஹபீபுல்லா. சட்டம் சட்டம்தான்.
முடிக்காதது எப்படி ஒன்றாகும், சைபர், என்றான் இளவழகன்,
ஏழைத் தாண்டி ஒன்பதில் நிற்கும் திமிரில்.

பேனா என் கையில் இருந்தது.
என் பெயருக்கு நேரே நாற்பது இருந்தது.
அதில் ஆறு,
கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்து மூடியவை.
கோழி எண்ணிக்கையில் இப்படிச் செய்திருந்தால்
விசா முத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.
ஆறையும் எடுத்துச் சேதாரத்தில் போட்டேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அயூபிக்கா மட்டும் எட்டிப் பார்த்து
"இந்த மாசம் நஷ்டமோ?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன்.
ஜெபக்கிளாராவின் பை பாதி திறந்திருந்தது.
சீருடைக்கும் டிபன் டப்பாவுக்கும் இடையே
அதே நாவல், கிழியாத பிரதி,
கடைசிப் பக்கத்தில் மருந்துச் சீட்டு ஒன்றை
அடையாளமாகச் செருகி.
அவள் என்னைப் பார்த்தாள்.
ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும்ணே,
இந்த வாரம் அவளுக்கு என்னாச்சு?"

லாரியை முதல் கியரில் போடுவது போலத்
தொண்டையைச் செருமினார் அவர்.
நான் அவர் கட்டத்தை
நிரப்பாமலே விட்டேன்.