களவுப் பட்டியலில் ஏழாவது

முட்டைத் தட்டு ஒன்றில்தான் வைத்திருக்கிறேன்.
முப்பது குழி. பத்தொன்பது சோடி.
மீதிக் குழிகளில் கமலேஸ்வரி
ஊக்கும் ஊசியும் போட்டுவைப்பாள்,
ஒங்களுக்கு மட்டுந்தானா தட்டு என்று.

பண்டாரவளை ஞாயிறு சந்தையில் உவைஸ் நானா
பழைய பூட்டுக்கும் டோர்ச் லைட்டுக்கும் நடுவே
துணி விரித்திருப்பார்.
எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது.
கேட்டால் விலை கூடும்.
"துரைமார் போனாங்க சேர், பொத்தான் போகல்ல"
என்பார், பல் குத்திக்கொண்டே.

முத்துச் சிப்பியில் ஒன்று.
குதிரை லாடம் பொறித்த பித்தளை ஒன்று.
யாரோ ஒரு எச்.டபிள்யூ.வின் முதலெழுத்துகள்
பின்னிச் சுருண்ட வெள்ளி;
என் பெயரில் அவை இரண்டுமே இல்லை,
ஆனாலும் புதன்கிழமைகளில் நான் எச்.டபிள்யூ.
ஒற்றையாய் ஒரு மீன்,
இணை கிடைக்காமல் ஆறு வருடம்.

காலை ஆறரை, தண்ணீர் பல்லில் கூசும் குளிர்.
கைமடிப்பை இரண்டாய் மடித்து
நான்கு துளையும் ஒரே நேராகும்போது
உள்ளே நுழைத்துத் திருப்பினால்
சின்னதாய் ஒரு டிக்.
அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.
மேலே ஸ்வெட்டர். அதற்கும் மேலே கோட்.
யாருக்கும் தெரியாது.
கை உயர்த்திச் சத்தியம் செய்விக்கும்போது மட்டும்
அரை அங்குலம் வெளியே வரும்.

நீதவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன் நான்.
இந்தப் பக்கம் சிங்களம், அந்தப் பக்கம் தமிழ்,
நடுவில் என் தொண்டை.

செவ்வாய்க்கிழமை. மூன்றாவது வழக்கு.
வெள்ளைப்பாறைத் தோட்டம், பெரிய பங்களா, களவு.
வாசிக்க வாசிக்கத் தமிழில் சொன்னேன்:
வெள்ளிக் கரண்டி ஆறு.
சுவர்க் கடிகாரம் ஒன்று, ஓடாதது.
கம்பளி இரண்டு.
ஏழாவதாக,
சட்டைக் கைக்குப் போடும் பொத்தான், சோடி ஒன்று,
நீல எனாமல், ஒன்றின் ஓரத்தில் உடைவு.

அன்றைக்கு நீலத்தில்தான் வந்திருந்தேன்.
உடைவு எந்தக் கையில் என்று
பார்க்காமலே தெரியும். இடது.
ஸ்வெட்டர் நூல் அடிக்கடி அதில் மாட்டும்.
களவு பங்குனியில்.
நான் வாங்கியது வெசாக் கழிந்த ஞாயிறு.

கோட்டின் கையை இழுத்துவிட்டேன்.
கஃப்லிங்ஸ் என்றால் கூண்டில் நிற்பவனுக்கு விளங்காது.
யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி
தெறி என்று எடுத்துக் கொடுத்தார்.
அவன் இன்னும் குழம்பினான்.
மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினேன்,
கோட்டுக்கு மேலாகத்தான்.

வீரமலை, வயது முப்பத்தொன்று, கீழ்ப்பிரிவு.
என் கையையே பார்த்தான். பிறகு சொன்னான்:
"அது எனக்கு எதுக்குங்க?
எங்கிட்ட முழுக்கை சட்டயே இல்லீங்க."

இதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும்,
கூட்டாமல், குறைக்காமல்.
சொன்னேன். பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
தட்டச்சு எந்திரம் நிற்காமல் ஓடியது.
விளக்கமறியல் நீடிப்பு.
அடுத்த தவணை ஒன்பதாம் திகதி.

மதியம் கழிவறையில் கழற்றினேன்.
நீலம் ஊர் முழுக்க இருக்கும்.
ஒரு கம்பனி ஆயிரம் சோடி செய்திருக்கும்,
அதில் பாதி கீழே விழுந்து உடைந்திருக்கும்.
இதை எந்த மொழியில் எனக்குச் சொன்னாலும்
மற்ற மொழி நம்பவில்லை.

பொத்தானே தைக்காத சட்டை, துளை மட்டும்.
கைகள் இரண்டும் வாய் பிளந்தன.
கோப்புக் கட்டும் பச்சை நாடாவை வெட்டித்
துளைகளில் கோத்து முடிந்தேன்,
ஒரு கையாலும் பல்லாலும்.

இன்று வெள்ளி.
தட்டின் பக்கமே போகவில்லை. நாடாதான்.
உறைக்குள் போட்டு, பதிவாளர் பெயர் எழுதி,
அனுப்புநர் என்ற இடத்தில் பேனா நிற்கிறது.
அவர் அறைக்கு என் மேசையிலிருந்து பதினோரு எட்டு.

எழுத்தர் சமன்மலி என் கையைப் பார்த்துவிட்டாள்.
புது ஸ்டைலா என்றாள்.
சிங்களத்தில்தான் கேட்டாள்.
எனக்கு உடனே விளங்கவில்லை.